சும்மா உட்காருங்கள், அத்தை!

சென்ற திங்கள் இப்பகுதியில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஸ்ரீராமபுரத்துச் சகோதரி ஒருவர், முற்றிலும் வேறொரு செய்தியைக் குறித்து நான்கு பக்கங்களில் கடிதம் வரைந்துள்ளார். அதன் சாரம் வருமாறு: “என் மாமியாருக்கு 72 வயது. மாமனார் மறைந்தபின் ஊரில் தனியே விடலாகாது என்று திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே அழைத்து வந்தோம். எட்டுத் திங்கள் ஆகின்றன. வந்த அன்று இரண்டு மாடிப் படிகளைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தவர், இப்போது கட்டிலை விட்டு எழுவதற்கே சுவரைப் பிடிக்கின்றார். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தம் அளவாகவே இருக்கின்றது. ஒரு துரும்பையும் எடுத்து அப்பால் போட நாங்கள் விடுவதில்லை. சாப்பாடு கட்டிலுக்கே வருகின்றது. தண்ணீர்ச் செம்பு தலைமாட்டில் இருக்கின்றது. ஒரு குறையும் வைக்காதிருந்தும் ஏன் இப்படி ஆயிற்று?”

இக்கடிதத்திற்குரிய விடை இக்கடிதத்திலேயே இருக்கின்றது. சாப்பாடு கட்டிலுக்கு வருவதும் செம்பு தலைமாட்டில் இருப்பதுமே காரணம் என்று சொன்னால் அச்சகோதரியின் மனம் வருந்தக்கூடும். அவர் செய்தது அனைத்தும் அன்பினால் செய்தது. நம் வீடுகளில் பத்தில் ஒன்பதில் இதைத்தான் செய்கின்றோம். ஆதலின் அவருக்குத் தனியே விடை எழுதாமல் எல்லார்க்குமாக இங்கே எழுதத் துணிந்தேன்.

முதியவரை வேலை செய்யவிடாதிருப்பதே மரியாதை என்பது நம்மவர் கொள்கை. மாமியார் துடைப்பத்தைத் தொட்டால், அக்கம்பக்கத்தார் மருமகளைத்தான் ஏசுவர். தந்தை காய்கறிப் பையுடன் தெருவில் வந்தால், மகனுக்குத் தலைகுனிவு. ஊரிலும் இக்கொள்கை இருந்தது. ஆனால் ஊரில் அதை யாரும் நடைமுறையில் கொள்ளவில்லை. “சும்மா இருங்கள்” என்று சொல்லிவிட்டு மருமகள் வயலுக்குப் போய்விடுவாள். கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடும்; கூரைமேல் காயும் வற்றலைக் காகம் கொத்த வரும்; பேரப்பிள்ளை திண்ணையிலிருந்து விழப் பார்ப்பான். கிழவி எழுந்துதான் ஆகவேண்டும். தரையில் உட்கார்ந்து தரையிலிருந்து எழுவது என்பது ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை நடக்கும். அதை யாரும் உடற்பயிற்சி என்று எண்ணவில்லை. கிராமத்து முதுமை எல்லாம் இன்பமயம் என்று நான் பாடவரவில்லை. மருந்தின்றியும் கவனிப்பின்றியும் போனவர்கள் அங்கே எத்தனையோ பேர். ஆயினும் கால்களுக்கு அங்கே ஓய்வு கிடைத்ததில்லை.

பெங்களூரில் நமக்கு வாய்ப்பது இரண்டு அறை. அடுக்களை மருமகளின் ஆட்சி. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எட்டு அடி; தொலைக்காட்சிக்கு ஐந்து அடி. ஊரில் வாய்ச்சொல்லாக இருந்த ஓய்வு, இங்கு வந்ததும் உண்மையாகிவிடுகின்றது.

உண்மையான ஓய்வு முதிய உடலை என்ன செய்யும் என்பதை மருத்துவர்கள் அளந்தே பார்த்திருக்கின்றனர். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நல்ல உடல்நலமுள்ள முதியோர் சிலரை, நோய் எதுவும் இல்லாமலே, பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்தனர். உணவுக்குக் குறைவில்லை. பத்தாம் நாள் முடிவில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்திருந்தது. பத்தே நாள்! காய்ச்சல் கண்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த தாத்தா, காய்ச்சல் போனபின்னும் நடக்க முடியாமல் வீடு திரும்புவதன் சூட்சுமம் இதுதான். காய்ச்சல் எடுத்துக்கொண்டதைவிடக் கட்டில் எடுத்துக்கொண்டது அதிகம்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியட்டரோனி என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுடைய சராசரி வயது 90. தளர்ந்தவர்கள், நோய்கள் பல உடையவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தனர். இறுதிவரை நின்று பயின்றவர்களுக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது, முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்கிற்கும் மேல். தொண்ணூறு வயதுத் தசைக்கும் வேலை கொடுத்தால் அது வளரும் என்று உலகம் அன்றுதான் ஐயமற அறிந்துகொண்டது. 72 வயதுள்ள திருப்பத்தூர் அத்தைக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கின்றது!

படுக்கையிலிருந்து மனிதரை மீட்ட கதைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது மார்ஜரி வாரன் அம்மையாரின் கதை. லண்டன் மாநகரின் மேற்குப் புறத்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை என்று ஒன்று. அதன் பக்கத்தில் ஏழைகள் விடுதியைச் சேர்ந்த நோயாளர் மனை இருந்தது. 1935-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டபோது, அந்த மனையிலிருந்த 714 பேர் டாக்டர் வாரனின் பொறுப்பில் வந்தனர். பெரும்பாலோர் முதியவர், ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடந்தவர்கள். அவர்களுக்கு என்ன நோய் என்று கேட்டால், ‘வயது’ என்பதே விடையாக இருந்தது. அம்மையார் அவ்விடையை ஏற்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார். இன்னார்க்கு இன்ன குறை என்று பிரித்தார். சிலருக்குக் காலணி சரியில்லை. சிலருக்குப் பார்வை மங்கல். பலருக்கு எழுந்து நிற்கும் வழக்கமே மறந்துபோயிருந்தது. சுவர்களுக்கு வண்ணம் பூசச் செய்தார்; நல்ல வெளிச்சம் வரச் செய்தார்; பிடித்து நடக்கக் கைப்பிடிகளும் தகுந்த நாற்காலிகளும் வைத்தார். ‘இனி எழமாட்டார்’ என்று கைவிடப்பட்டவர்கள் பலர் எழுந்தனர்; வீட்டுக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு. முதியோர் மருத்துவம் என்று இன்று ஒரு தனித்துறை விளங்குவதற்கு அந்த அம்மையாரின் பணி கால்கோள் ஆயிற்று. 1947-இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் மற்றொரு லண்டன் மருத்துவர், படுக்கையால் வரும் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நுரையீரலில் சளி தேங்கும்; காலில் இரத்தம் உறையும்; மூட்டு இறுகும்; எலும்பில் சுண்ணாம்புச் சத்துக் குறையும்; மலம் சிக்கும்; மனம் சோரும். நம் வீடுகளில் ‘வயதாகிவிட்டது’ என்னும் ஒரு சொல்லில் இவ்வனைத்தையும் அடக்கிவிடுகின்றோம்.

நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் முன்னோடிப் பெருமை உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. இந்நாட்டில் அதுவே முதலாவது. அதை உருவாக்கியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் இதற்கெனப் பட்ட மேற்படிப்பும் நடைபெறுகின்றது. டாக்டர் நடராஜனுக்கு 2012-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஊருக்குப் போகும் வழியில் பெற்றோரைச் சென்னையில் காட்ட விரும்புவோர் இதை நினைவில் கொள்க.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. நான் மருத்துவன் அல்லன்; மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் எழுத்தராயிருப்பவன். உலகச் சுகாதார நிறுவனம் முதியோர் பராமரிப்புக்காக வெளியிட்ட கையேட்டில் எளிய சோதனை ஒன்று உள்ளது. அதைத் தமிழில் சொல்வது மட்டுமே என் வேலை. கையில்லாத உறுதியான நாற்காலியொன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பெரியவரை உட்காரச் சொல்லி, கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும். நீங்கள் அருகிலேயே நின்று கடிகாரத்தைப் பாருங்கள். 14 வினாடிக்குள் முடித்தால் நன்று. முடியவில்லையெனில், கால் வலிமை குறைந்துவிட்டது என்று பொருள்.

முடியவில்லையே என்று பெரியவரை எள்ளி நகையாடாதீர். சோதனையே பயிற்சியுமாகும். முதலில் நாற்காலிமேல் தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கையை ஊன்றி எழட்டும். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. இரண்டு வாரம் கழித்துத் தலையணையை எடுத்துவிடுங்கள். பிறகு கையை ஊன்றுவதைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, ஒரு பாதத்தின் முன் மற்றொரு பாதத்தை வைத்துச் சில வினாடி நிற்பது, தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர்ப் புட்டியைக் கையில் பிடித்துத் தோள்வரை தூக்குவது ஆகியவையும் போதியனவே. தசை வலிமைக்கும் உடல் சமநிலைக்கும் உரிய இத்தகைய பயிற்சி வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டும் என்றும், அதனுடன் வாரத்துக்கு 150 நிமிடமேனும் சற்று விரைந்து நடக்கவேண்டும் என்றும் அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. 150 நிமிடம் என்றதும் மலைக்கவேண்டா. தொடங்கும்போது ஐந்து நிமிடமே போதும். இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதே கணக்கு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உடையவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

தசை வளர உணவும் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் காலையில் இரண்டு இட்லி, பகலில் ரசஞ்சாதம், இரவில் கஞ்சி என்று காலந்தள்ளுகின்றனர். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் புரதமேனும் முதியோர்க்கு வேண்டும் என்பர். 50 கிலோ எடையுள்ள அம்மையாருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். ஒரு தம்ளர்ப் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. குழைய வேகவைத்த பருப்பு, மசித்த சுண்டல், தயிர், மீன் என்று மூன்று வேளைக்கும் பங்கிட்டால்தான் கணக்கு நிறையும். கன்னடத்தார் விரும்பி உண்ணும் ராகி முத்தே நம் கேழ்வரகுக் களியன்றி வேறில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கின்றது. சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரே வரையறுக்கவேண்டும். பெரியவர் உணவைக் குறைத்துக்கொண்டால் ஒருமுறை பல்லையும் பாருங்கள். பல்வலியை மறைத்துக்கொண்டு ‘பசியில்லை’ என்பவர் பலர்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும் என்பதை நான் அறிவேன். “நடக்கவிட்டு, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகின்றவர்கள்.” நியாயமான அச்சம். இடுப்பெலும்பு முறிவு முதுமையில் எளிதான துன்பமன்று. ஓரிரு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்தவேண்டிய நிலை அது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். உட்கார்ந்தே இருப்பவரும் கழிப்பறைக்குப் போயே தீரவேண்டும். இரவில் தனியே எழுந்தே தீரவேண்டும். அந்த எட்டு அடி தூரத்தில் வலுவற்ற கால்தான் முதலில் மடங்கும். முதியோர் விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே என்பதை மறவற்க. உட்காரவைத்து விழாமல் காக்கலாம் என்பது கணக்குப் பிழை.

விழுவதைத் தடுக்க வேறு வழிகள் உள்ளன. குளியலறைத் தரையைக் குளித்தவுடனே துடைத்துவிடவேண்டும். கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ ஓர் இரும்புப் பிடி வேண்டும். வாடகை வீடாயிருந்தால், துளை போடுவதற்கு வீட்டுக்காரரிடம் இரந்து கேட்பதில் இழிவில்லை. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே இரவு முழுதும் சிறு விளக்கெரியட்டும். நழுவும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நாம் கழித்துப்போட்ட தேய்ந்த செருப்பைப் பெரியவருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்புரை இருப்பின் எடுத்துவிடுவது நலம். மாத்திரைகளும் கீழே தள்ளும். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, அளவு மிஞ்சிய சர்க்கரை மாத்திரை ஆகியவை அவற்றுள் தலையாயவை. படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகின்றது என்று பெரியவர் சொன்னால், அதை மருத்துவரிடம் தவறாது சொல்லுங்கள். நிற்கவைத்து இரத்த அழுத்தம் பார்க்கும்படி கேளுங்கள். அதுவரை, எழுந்தவுடன் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நிற்கட்டும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஊர் மருத்துவர் கொடுத்ததும் இங்குள்ளவர் கொடுத்ததும் ஒரே மருந்தாக, பெயர் மட்டும் வேறாக இருப்பதுண்டு.

நேற்றுவரை நன்றாயிருந்தவர் இன்று விழுந்தாலோ, திடீரென்று உளறினாலோ, அதை வயதின்மேல் போடாதீர். முதியவர்க்கு நுரையீரல் அழற்சியும் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலின்றியே வருவதுண்டு. மயக்கமும் தடுமாற்றமுமே அவற்றின் முதல் அறிகுறி. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். மறதி திங்கள் திங்களாக மெல்ல வளர்வது வேறு. அதற்கு ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு உண்டு.

குடிபெயர்ந்த நமக்கென்றே உரிய இடர்ப்பாடு ஒன்றையும் சொல்லவேண்டும். ஸ்ரீராமபுரத்துச் சகோதரியின் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வருகின்றது: “கீழே போய்க் கீரை வாங்கி வருகிறேன் என்று அத்தை முதல் மாதத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார், பாஷை தெரியாது என்று நாங்கள்தாம் அனுப்பவில்லை. இப்போது கேட்பதில்லை.” கேட்பதை நிறுத்திவிட்டாரே, அந்த நாளில்தான் அவருடைய கால் தளரத் தொடங்கியிருக்கும் என்று எண்ணுகின்றேன். அவரை அனுப்புங்கள், அம்மா. முதலில் இரண்டு மூன்று நாள் கூடவே போங்கள். பிறகு தெருமுனையில் நின்று பாருங்கள். முகவரியும் உங்கள் தொலைபேசி எண்ணும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய சீட்டு அவர் சுருக்குப்பையில் இருக்கட்டும். கன்னடம் நமக்குத் தொலைவான மொழியன்று. நம் பகரம் அங்கே பல சொற்களில் ஹகரமாகின்றது: பால் என்பது ஹாலு, பத்து என்பது ஹத்து, பூ என்பது ஹூ. இந்த ஒரு சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, ‘எஷ்டு?’ என்றால் ‘எவ்வளவு?’ என்று பொருள் என்றும் சொல்லிவிட்டால், பேரம் பேசும் கலையை அத்தைக்கு நாம் கற்பிக்கத் தேவையில்லை. ஸ்ரீராமபுரத்தில் கீரைக்காரியே தமிழ்க்காரியாக இருந்தாலும் வியப்பில்லை!

நம் நகரத்து நடைபாதைகளின் இலட்சணம் எல்லாரும் அறிந்ததே. பெயர்ந்த கல், திறந்த சாக்கடை, ஏறிவரும் இருசக்கர வண்டி. ஆகவே நடப்பதற்குப் பூங்காக்களே தக்கவை. அல்சூர் ஏரிக்கரை, லால்பாக், கப்பன் பூங்கா, இவையில்லாவிடில் பேட்டைக்குப் பேட்டை உள்ள சிறு பூங்காக்கள். காலை இளவெயிலில் அங்கே நம் தாய்மொழி பேசும் முதியவர் இரண்டு பேரையாவது சந்திக்காமல் திரும்பமுடியாது. கருநாடக முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆனால் ஊரில் ரேஷன் அட்டையும் முதியோர் உதவித்தொகையும் பெறுவோர், ஆதார் முகவரியை மாற்றுமுன் அவை என்னாகும் என்று விசாரித்துக்கொண்டு மாற்றுக.

பையப்பனஹள்ளியில் புதிதாக எழுந்துள்ள ரயில் முனையம் சர் எம். விசுவேசுவரய்யாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நூறு வயதைக் கடந்து 1962-இல் இந்நகரில் மறைந்தவர் அவர். தம் தன்வரலாற்றை அவர் நூலாக வெளியிட்டது 1951-இல். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. பீகாரில் மொகாமா என்னுமிடத்தில் கங்கையின் குறுக்கே ரயிலும் மோட்டாரும் செல்லும் பாலம் ஒன்று 1959-இல் திறக்கப்பட்டது. அப்பாலத்தை எங்கே கட்டுவது என்று முடிவுசெய்யத் துணைநின்றவரும் அவரே, தொண்ணூறைத் தாண்டிய வயதில். அவர் மேதை, நம் பெரியவர்கள் மேதைகள் அல்லர் என்று சொல்வீர்கள். இருக்கட்டும். தொண்ணூறு வயதானவரிடம் கங்கைக்குப் பாலம் எங்கே கட்டலாம் என்று இந்நாடு யோசனை கேட்டது. நாமோ, எழுபது வயதானவரிடம் இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூடக் கேட்பதில்லை.

கேட்கவேண்டும். கால்களுக்கு வேலை கொடுப்பதைப்போலவே தீர்மானிக்கும் வேலையையும் கொடுக்கவேண்டும். பருப்பு எங்கே வாங்குவது, பேத்திக்கு எந்தக் கிழமை எண்ணெய் தேய்ப்பது, நந்தினி பாலுக்கு யார் போவது என்பன சின்னஞ்சிறு காரியங்கள்தாம். மாதம் ஐந்நூறு ரூபாயேனும் அவர் கையில் கணக்குக் கேளாமல் இருக்கவேண்டும். கையில் காசில்லாதவருக்குத் தெருவில் இறங்க என்ன காரணம் இருக்கின்றது?

பயணச்சீட்டு முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எனக்கு, குடும்பங்களின் கதை விண்ணப்பத் தாளிலேயே தெரிந்துவிடும். வயது 70-க்கு மேல், ஒருவழிச் சீட்டு, தனிப் பயணி. ஆறு திங்கள் பெங்களூர் மகன், ஆறு திங்கள் கோயம்புத்தூர் மகள். இது ஒருவகையில் மாறுதல். பெரியவர்க்கு விருப்பமானால் குற்றமில்லை. ஆனால் தந்தைக்கு ஓர் ஊருக்கும் தாய்க்கு மற்றோர் ஊருக்குமாக ஒரே நாளில் இரண்டு விண்ணப்பம் நீட்டப்படும்போது என் கை சற்றே தயங்கும். ஐம்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்களைச் செலவுக் கணக்குக்காகப் பங்கிடுகின்றார்கள். கேட்பதற்கு எழுத்தனுக்கு உரிமையில்லை. இப்பகுதியில் எழுதுவதற்கு உரிமையுண்டு. இவ்வாறு பிரித்த பின்னர் இருவருள் ஒருவர் உண்ணாமலும் பேசாமலும் போனால், அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடையாது.

பராமரிப்பே கிடைக்காத பெற்றோர்க்காக 2007-இல் நடுவண் அரசு சட்டமியற்றியுள்ளது. அதன்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத்தொகை பெறலாம். முதியோர் உதவிக்கென 14567 என்னும் தொலைபேசி எண் 2021-இல் நாடெங்கும் தொடங்கப்பட்டது. பெங்களூரில் 2002-இலேயே மாநகரப் போலீசாரும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் சேர்ந்து 1090 என்னும் எண்ணில் முதியோர் உதவி மையத்தைத் தொடங்கினர். 70 வயதைக் கடந்தோர்க்கு, வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை இலவச மருத்துவமனைச் சிகிச்சை என்னும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்பதை நோய் வருமுன் விசாரித்து வைத்துக்கொள்க.

ரயில்வே செய்தி ஒன்றையும் சேர்த்து முடிக்கின்றேன். பலர் என்னிடம் நேரில் கேட்பது இது. மூத்தோர்க்குரிய கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆயினும் கீழ்ப் படுக்கைக்கான தனி ஒதுக்கீடு உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உரியது அது. அந்த ஒதுக்கீட்டில் இடம்பெறத் தனியாகவோ, அத்தகுதியுடைய இருவராகவோ மட்டுமே ஒரு சீட்டில் இருக்கவேண்டும். குடும்பத்தோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஒரே சீட்டாக எடுத்தால் அவ்வொதுக்கீடு பொருந்தாது. பாட்டிக்கு மேல் படுக்கை விழுந்தாலும் விழும். ஆகவே தாத்தா பாட்டிக்கு ஒரு சீட்டும் மற்றவர்களுக்கு வேறொரு சீட்டுமாக எடுங்கள். இரவில் ஓடும் வண்டியில் கழிப்பறைக்குச் செல்லும்போது மட்டும் யாரேனும் ஒருவர் உடன் செல்க. பகற்பயணமாயின், மணிக்கொருமுறை எழுந்து, வண்டி நிற்கும் நிலையத்தில் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் நாலடி நடக்கச் சொல்லுங்கள். பங்காரப்பேட்டையிலும் ஜோலார்ப்பேட்டையிலும் அதற்கு நேரம் உண்டு.